சுவரில் ஒட்டிய அறிவித்தல்



லாசாலில் ஆற்றோரம் நிற்கும் பிளெமிங் காற்றாலையைப் பார்த்திருப்பீர்கள். 1827 இல் கட்டிய கல் ஆலை அது. இன்றும் காப்பாற்றப்பட்டு நிற்கிறது. மொன்றியல் ஷேர்புறூக் வீதியின் வான் ஹோர்ன் மாளிகைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. மக்கள் எதிர்த்தும், அரசு பாதுகாக்க முன்வராததால், 1973 இல் அது இடிபட்டது.

இன்று கியூபெக் சட்டப்படி, நகரசபைக் குழுவின் அனுமதி தேவைப்படும் கட்டடத்தை இடிக்க விண்ணப்பித்தால், அதன் சுவரில் அறிவித்தல் ஒட்டவேண்டும். பகிரங்க அறிவித்தல் வெளியாகி 10 நாட்களுக்குள் எவரும் காரணம் காட்டி எழுத்தில் ஆட்சேபிக்கலாம். வாடகைக்கு இருப்பவரும், நேற்று வந்து குடியேறியவரும்கூட.

பிரெஞ்சு விளங்கவில்லையென்று கடந்து போகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிச்சென்று வாசிக்கச் சொல்லுங்கள். இடிபடப் போவது நாம் குடியிருக்கும் வீடாகவும் இருக்கலாம்.