அத்தைகள் இல்லாத வம்சாவளி

கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அடுத்த மாதம் என் தம்பிக்கு மணிவிழா. மண்டபத்து வாசலில் வைக்க ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனருக்குப் படம் தயார் செய்து, தம்பி மகன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்கள் குடும்ப வம்சாவளி. மேலே புலிச்சின்னம். அதன் கீழே "சோழர் வழி வந்தோர்" என்று தங்க நிற எழுத்து. அதற்கும் கீழே கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பித்து மரக்கிளை மாதிரி பெயர்கள். பிள்ளை ராப்பகலாக உட்கார்ந்து செய்திருக்கிறான். அழகாகவும் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பெயரைத் தேடினேன். இல்லை. என் தங்கை பெயர் இல்லை. அப்பாவோடு பிறந்த அத்தைகள் மூன்று பேர் பெயரும் இல்லை. எங்கள் அம்மா இருக்கிறாள், ஆனால் பெயராக இல்லை, "மனைவி" என்று ஒரு கட்டமாக.

போன் போட்டுக் கேட்டேன். "அத்தை, பொண்ணுங்க வேற வீட்டுக்குப் போயிடறாங்க இல்ல? எல்லாரையும் போட்டா இடம் பத்தாது. வம்சம்னா ஆம்பள வழிதானே அத்தை, ராஜாக்களுக்கே அப்படித்தானே" என்றான்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ராஜாக்களுக்கே அப்படித்தான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சோழர் வம்சாவளி எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? நம் பக்கத்திலேயே. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் புட்லூர், திருவள்ளூர், ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அடுத்தது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பாடிய தலம், நடராஜரின் ரத்தின சபை. அந்தக் கோயிலைச் சேர்ந்ததுதான் திருவாலங்காட்டுச் செப்பேடு. முப்பத்தொரு ஏடுகள். பக்கத்திலுள்ள பழையனூரை முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018-ஐ ஒட்டி, கோயிலுக்குக் கொடுத்ததற்கான சாசனம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நானே பயிற்சிப் பள்ளியில் படித்தபோது இதை ஒரு மார்க் கேள்வியாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

அந்தச் செப்பேட்டில் வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. வடமொழிப் பகுதி சோழ குலத்தைப் பாடுகிறது. சூரியனில் தொடங்கி மனு, இக்ஷ்வாகு, சிபி என்று வந்து, கரிகாலன், கோச்செங்கணான் என்று இறங்கி, விஜயாலயனைத் தொட்டு ராஜேந்திரன் வரை வருகிறது. தமிழ்ப் பகுதி கொடுத்த நிலத்தின் எல்லையையும் வரி விலக்கையும் சொல்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: எல்லையில் ஒரு முழம் தப்பினாலும் நாளைக்கு வழக்கு வரும், அதனால் அது துல்லியமாக இருக்கும். ராஜாவின் பாட்டனுக்குப் பாட்டன் சூரியன் என்று எழுதினால் யார் வந்து வழக்குப் போடப் போகிறார்கள்?

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு, ராஜராஜன் காலத்து லெய்டன் செப்பேடு, வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு எல்லாவற்றிலும் சோழர் பரம்பரை வருகிறது. விஜயாலயனுக்குக் கீழே எல்லாம் ஒத்துப்போகிறது. அவனுக்கு மேலே போனால் பெயர்களும் வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தது 850 வாக்கில். அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளின் தலைமுறைகளைச் சோழரின் சொந்த அரசவையாலேயே ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. ஆனால் இப்போது வம்சாவளி போடுகிறவர்கள் மட்டும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! எந்தச் சாதிக்காரர் எந்த அரசரை இழுக்கிறார் என்று பேர் சொல்லி நான் வம்பு வளர்க்க விரும்பவில்லை. எல்லாரும் இழுக்கிறார்கள். நாமும் இழுத்திருக்கிறோம்.

விஜயாலயனுக்குக் கீழேயும் அரசவைக் கவி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ஆதித்த கரிகாலனைத் தெரியும். அவனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ததைக் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, அவன் சொர்க்கத்தைக் காண விரும்பிப் போய்விட்டான் என்ற மாதிரி சொல்லி நகர்ந்துவிடுகிறது. நம் வீட்டுப் பத்திரிகையில் பாகப்பிரிவினைச் சண்டையைப் போடுவோமா? அப்படித்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஆம்பள வழிதானே."

ராஜராஜனின் மகள் குந்தவை. (அக்காள் குந்தவை வேறு, இவள் மகள்.) வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய அரசன் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன். அவனுக்கு ராஜேந்திர சோழன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அதாவது அத்தை மகனுக்கு மாமன் மகள், நம் வீட்டுக் கணக்குத்தான். அம்மங்கையின் மகன் வேங்கியிலிருந்து வந்து 1070-இல் சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். அவன்தான் முதலாம் குலோத்துங்கன். சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒரு மார்க்குக்கு எழுதினீர்களே, அவனேதான். அவன் மனைவி மதுராந்தகியும் சோழன் மகள், இரண்டாம் ராஜேந்திரனுடைய பெண். தம்பி மகன் போட்ட விதிப்படி படம் வரைந்தால் குலோத்துங்கனுக்கு அதில் இடமே கிடையாது. குந்தவை "வேற வீட்டுக்குப் போனவள்", அம்மங்கையும் "வேற வீட்டுக்குப் போனவள்". ஆனால் அவன் வராமல் இருந்திருந்தால் அதிராஜேந்திரனோடு கதை அன்றே முடிந்திருக்கும். 1279 வரை சோழர் பெயர் நின்றது அவன் வந்ததால்தான்.

இங்கே நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது "அதிராஜேந்திரனோடு சோழர் நேர் வழி முடிந்தது, அடுத்து வந்தவர்கள் சாளுக்கிய சோழர்கள்" என்று நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், மகள் புள்ள புள்ள இல்லையா?" என்று கேட்டாள். பீரியட் முடிகிற நேரம். "பரீட்சைக்கு நான் சொன்னதை எழுது, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அம்மா, நீ இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். நீ கேட்டதுதான் சரி. பதில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றியின் ஒரே முறையான மகன் 1120-இல் கப்பல் மூழ்கி இறந்தான். மிச்சம் மகள் மட்டில்டா. அவளுக்குத்தான் பட்டம் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கிவிட்டு அரசன் இறந்தான். அவன் கண் மூடியதும் ஸ்டீஃபன் என்பவன் முந்திக்கொண்டான். அவனுக்கு என்ன உரிமை? அவன் அம்மா, ஹென்றியின் அக்காள் தங்கை முறை, வில்லியம் அரசனின் மகள். ஆக, சண்டை போட்ட இரண்டு பக்கமும் பெண் வழிதான்! கடைசியில் மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி 1154-இல் பட்டம் ஏறினான். அந்த நாட்டை அடுத்த 300 வருஷத்துக்கு மேல் ஆண்டது அந்த மகள் வயிற்றுப் பிள்ளையின் வம்சம்.

அந்த வம்சத்தின் கடைசி அரசன் மூன்றாம் ரிச்சர்ட். 1485-இல் போரில் செத்தான். 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே எலும்புக்கூடு கிடைத்தது. அது அவன்தானா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று உண்டு, அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். ரிச்சர்டின் அக்காளுடைய மகள், மகளின் மகள் என்று பெண் வழியாகவே இறங்கி, இன்று உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். பொருந்தியது. ஆண் வழியில் அதே குலம் என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தவர்களையும் சோதித்தார்கள். பொருந்தவில்லை. இடையில் எங்கேயோ ஒரு தலைமுறையில் ஏடு ஒன்று சொல்ல, நடந்தது வேறாக இருந்திருக்கிறது. அதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை, பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

கணக்குப் பாடமும் கொஞ்சம் எடுத்துவிடுகிறேன். அப்பா அம்மா 2 பேர். தாத்தா பாட்டி 4 பேர். அடுத்தது 8. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024. இருபதாவதில் 10,48,576. ராஜேந்திர சோழன் காலம் ஏறத்தாழ முப்பது தலைமுறைக்கு முன்னால். அங்கே 107 கோடி இடம் வரும். அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை ஜனம் இல்லை. அப்படியென்றால் ஒரே ஆள் பல இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறார் என்று அர்த்தம். சோழ ரத்தம் நமக்கு இருந்தால் எதிர்வீட்டுக்காரருக்கும் இருக்கும், கறிகாய் வண்டிக்காரருக்கும் இருக்கும். புலிச்சின்னம் வைத்தால் தெரு முழுக்க வைக்க வேண்டியதுதான். அந்த 107 கோடி இடத்தில் அப்பா, அப்பாவின் அப்பா என்று போகும் ஒற்றைக் கோட்டில் இருப்பவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக மற்ற எல்லாரையும் அழிக்கிறோம்.

ராஜராஜனே அப்படிச் செய்யவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில், தான் கொடுத்ததோடு அக்காள் கொடுத்ததையும் மனைவியர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் சொல்லி, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எழுதியிருக்கிறது. ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பக்கம் பள்ளிப்படையே கட்டினான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடல் மகளிருக்குக் கல்லில் இடம் இருந்தது. எங்கள் அம்மாவுக்கு எட்டடி பேனரில் இடம் இல்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூரில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் கடைசித் தங்கை. 86 வயது. காது மந்தம், ஞாபகம் கூர்மை. படத்தில் "தெரியவில்லை" என்று விட்டிருந்த கட்டங்களைப் பற்றிக் கேட்டேன். கொள்ளுத்தாத்தாவின் மனைவி பெயர், அவள் பிறந்த ஊர், அவள் பெற்று மூன்று வயதில் அம்மை போட்டு இறந்த பிள்ளையின் பெயர் எல்லாம் மடமடவென்று சொன்னார். பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது ஊன்றீஸ்வரர் கோயிலை இடம் மாற்றினார்கள் இல்லையா, அந்தப் பழைய கோயில் இருந்த பக்கத்துப் பெண்ணாம் எங்கள் கொள்ளுப்பாட்டி. 1944-இல் நீர்த்தேக்கம் முடிந்தது. தண்ணீர் வற்றும் கோடையில் பாட்டி அந்தக் கரையில் போய் நின்று பார்த்துவிட்டு வருவாராம், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு.

இது எங்கள் அப்பாவுக்குத் தெரியாது, சித்தப்பாக்களுக்கும் தெரியாது. வேற வீட்டுக்குப் போனவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவரையே நாம் படத்தில் போடவில்லை. "உங்க பேரு அதுல இல்ல அத்தை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார். "இன்னும் முடியல அத்தை" என்றேன்.

திரும்பி வந்ததும் தம்பி மகனுக்குப் போன் செய்தேன். முதலில் முறைத்துக்கொண்டான். "புலிய எடுத்துட்டா வெறிச்சோன்னு இருக்குமே அத்தை" என்றான். அந்த இடத்தில்தான் பெண்கள் பெயர் வரப் போகிறது, வெறிச்சென்று இருக்காது என்றேன். பிரிண்டுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். பெயர்களைக் கொடுங்கள், போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான்.

கொள்ளுப்பாட்டியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது முதலில் படத்தில் வரட்டும், மண்டபத்தில் வந்து பாருங்கள். ஆனால் இரண்டாவது தாத்தாவின் மனைவி பெயர் அத்தைக்கும் சரியாக ஞாபகம் வரவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், கோயில் திருவிழாவில் நன்றாகக் கும்மி அடிப்பாராம், அவ்வளவுதான் கிடைத்தது. சொந்தக்காரர்கள் யார் வீட்டிலாவது வயதான பெண்மணி இருந்தால் இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். கமெண்ட்டில் வேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம்: அம்மாவின் அம்மாவுடைய அம்மா பெயரும் ஊரும். பார்த்து எழுதலாம், யாரையும் கேட்டும் எழுதலாம். நான் திருத்த மாட்டேன்.