எளிய தூண்டிலே போதும்

புதுச்சேரி கடலையே தன் முகமாகக் கொண்ட நகரம். கிழக்கே வங்கக்கடல் அலை வீசுகிறது. தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கிறது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் மீன்பிடித்தல் வழிவழி வந்த தொழில். இத்தகைய சூழலில் வளரும் இளைஞர், தாமும் தூண்டிலிட்டுப் பார்க்க வேண்டும் என விரும்புவது இயல்பே. ஆனால் அந்த விருப்பம் தோன்றியவுடன் அவர்களுள் பலர் நாடுவது நீர்த்துறையை அன்று, கடைத்தெருவை. அங்கே நீண்ட கோல்கள், பளபளக்கும் உருளைகள், வண்ண வண்ணப் போலி இரைகள் ஆகியவை வரிசையாகத் தொங்குகின்றன. இவையெல்லாம் இன்றி மீன் பிடிக்க இயலாதோ என்ற ஐயம் அவர்களுக்கு எழுகிறது. இயலும் என்பதே என் கருத்து. இன்னும் சொல்லப்போனால், தொடக்கத்தில் இவை இல்லாதிருப்பதே நன்று.

திருவள்ளுவர், சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். இரையைக் கண்டு ஏமாறுவது மீனுக்கு மட்டும் உரிய குணமன்று. கண்ணைப் பறிக்கும் போலி இரை, நீரில் மீனைப் பிடிக்குமுன் கடையில் மனிதரைப் பிடித்துவிடுகிறது. தந்தையார் உழைத்து ஈட்டிய பொருளை ஒரு நாள் ஆசைக்காகச் செலவிட்டுவிட்டு, அக்கருவியை மூலையில் சாத்தி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

மீன் பிடிப்பதற்கு இன்றியமையாதன எவை என்று எண்ணிப் பார்ப்போம். தூண்டில் முள், தங்கூஸ் நரம்பு, சிறு ஈயக்குண்டு, மிதவை, இரை ஆகிய ஐந்தே போதும். மூங்கிற்கோல் ஒன்று கிடைத்தால் இன்னும் நன்று. மிதவைக்குத் தக்கைத் துண்டோ காய்ந்த நெட்டியோ உதவும். இரைக்கு மண்புழுவோ இறால் துண்டோ போதும். எல்லாம் சில பத்து ரூபாயில் முடிந்துவிடும்.

எளிய கருவியில் அறிவியல் இல்லை என்று எண்ண வேண்டா. மூங்கிற்கோல் வளைவது ஏன்? மீன் வெடுக்கென இழுக்கும் விசையைக் கோலின் வளைவு தாங்கிக்கொள்கிறது. ஆதலால் மெல்லிய நரம்பும் அறுவதில்லை. கோலின்றிக் கையாலேயே நரம்பை விடும் கைத்தூண்டிலில் அவ்வளைவு இல்லை. அங்கே சற்றுத் தடித்த நரம்பு வேண்டும். முள்ளின் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. எண் பெருகப் பெருக முள் சிறிதாகும். ஆனால் எண்ணோடு சுழியம் சேர்ந்த வரிசையில் எண் பெருகப் பெருக முள்ளும் பெரிதாகும். இதை அறியாதவன் கைக்கு எந்தக் கருவி வந்தாலும் பயனில்லை.

மீனைப் பிடிப்பது கருவியைவிட அறிவே. கிழங்கான் மீன் கரையோர மணற்பாங்கில் திரிந்து, புழுவையும் சிற்றிறாலையும் தேடித் தின்னும். அதற்குச் சிறு முள்ளும் சிறு இரையும் ஏற்றவை. மடவை பாசியையும் வண்டலையும் உண்டு வாழ்வது. கூட்டமாகக் கண்ணெதிரே திரிந்தாலும் அது தூண்டிலில் அரிதாகவே சிக்கும். கொடுவாயோ சிறு மீன்களை வேட்டையாடுவது; ஆறு கடலோடு கூடும் இடங்களில் ஏற்றவற்றம் பார்த்து நடமாடும். இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது. பன்முறை கரையில் நின்று நீரைப் பார்த்தும், தொழிலறிந்த மீனவப் பெரியோரிடம் பணிவோடு கேட்டுமே அறிதல் வேண்டும்.

இழப்பையும் எண்ண வேண்டும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைதாங்கிச் சுவர்கள் எழுந்தன. அதன்பின் நகரின் கடற்கரையில் மணல் அரிக்கப்பட்டது; கரையைக் காக்கப் பெரும் பாறைகள் குவிக்கப்பட்டன. பாறை இடுக்கில் தூண்டில் முள் சிக்குவது அன்றாட நிகழ்ச்சி. புதிதாகக் கற்பவர் பத்து முள்ளையேனும் இழக்காமல் கற்றுத் தேறுவது அரிது. எளிய முள் போனால் அது கல்விக்குச் செலுத்திய கட்டணம் என்று மனம் ஆறும். விலையுயர்ந்த போலி இரை போனாலோ, அதை மீட்கும் ஆசையால் வழுக்குப் பாறையில் இறங்கி உயிருக்கே இடர் தேடிக்கொள்ளவும் கூடும்.

“மலிவான பொருள் விரைவில் கெடுமே!” என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் எளிமை வேறு, மட்டம் வேறு. துருப்பிடித்த முள்ளும் வெயிலில் காய்ந்து நைந்த நரம்பும் மட்டமானவை, அவற்றை வாங்கலாகாது. கூரிய முள்ளுக்கும் உறுதியான நரம்புக்கும் பொருளைச் செலவிடுக. கோலிலும் உருளையிலும் சிக்கனம் காட்டுக. முடிச்சிலும் கருத்து வைக்க வேண்டும். நரம்பை முள்ளின் துளையில் செலுத்தி, ஐந்து முறை முறுக்கி, முனையை முதல் வளையத்துள் நுழைத்து, நீரில் நனைத்தபின் இறுக்குதல் வேண்டும். நனைக்காது இறுக்கினால் உராய்வின் சூட்டால் நரம்பு வலுவிழக்கும். விலை உயர்ந்த நரம்பும் தவறான முடிச்சினால் அறுந்துபோகும்.

உலக வழக்கும் இதற்குச் சான்று தருகிறது. ஜப்பானிய மலையோடைகளில் வழங்கும் ‘தென்காரா’ என்னும் முறையில் கோலும் நரம்பும் இறகாலாகிய போலிப் பூச்சியுமே உள்ளன, உருளை இல்லை. நம் மீனவரோ சில மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்திலேறி, கைத்தூண்டிலோடு கடலை வென்றனர். கட்டுமரம் என்னும் நம் சொல்லை மேலைநாட்டு மொழிகளும் ஏற்றுக்கொண்டன.

கருவி தகுதிக்கு மிஞ்சும்போது விளைவது என்ன? 1952ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்த உடன்படிக்கையால், கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் மீன்வளத் திட்டமொன்று தொடங்கிற்று. எளிய மீனவரை உயர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும் இறால் ஏற்றுமதி பெருகியபோது, விசைப்படகும் இழுவலையும் பொருளுடையார் கைக்கே பெரிதும் சென்றன. நம் புதுவையிலும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சுருக்குமடி வலை குறித்து வீராம்பட்டினம், நல்லவாடு மீனவரிடையே மோதல் மூண்டது. காவலர் வானை நோக்கிச் சுட நேர்ந்தது. பிழைப்புக்காகப் பெருவலை வாங்குவோரும் பொழுதுபோக்காகத் தூண்டில் வாங்குவோரும் ஒருவரல்லர். எனினும், கருவிக்கு இட்ட முதல் பெருகப் பெருக, அதை மீட்கும் கவலையும் பெருகும் என்பது இருவர்க்கும் பொது.

கருவி எளிதாயினும் கடமை எளிதன்று. அறுந்த நரம்பை நீரிலோ கரையிலோ எறியலாகாது. அது மக்குவதில்லை, பறவைகளின் காலைச் சுற்றி அவற்றைக் கொல்லும். 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி போன்ற இடங்களில் தூண்டிலிட முனைதல் தகாது. குஞ்சு மீன் சிக்கினால் ஈரக்கையால் எடுத்து நீரிலேயே விடுதல் வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. முதலில் கை பழகட்டும், கண் தெளியட்டும், பொறுமை வளரட்டும். அதன்பின் உருளையும் உயர்ந்த கோலும் வேண்டுமா என்பதை அவரவர் பட்டறிவே சொல்லும். அதுவரை எளிய தூண்டிலே போதும்.