பட்டியலைத் தர மாட்டோம்!



சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வீட்டுக்காரர் பாசத்தோடு உட்கார வைப்பார். தேநீர் வரும். சட்டைப் பையிலிருந்து பணத்தையும் எடுத்து நீட்டுவார். ரசீது எழுதப் பேனாவைத் திறந்ததும் குரல் தாழும். "காசை வச்சுக்குங்க ஹஜ்ரத்... பேரை மட்டும் எழுதாதீங்க. பையன் கவர்மெண்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்."

இவர்களைக் கோழைகள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட வரலாற்றைப் படித்த பிறகு அந்த அவசரத் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன்.

அந்த வரலாறு என்றாலே நமக்கு மால்கம் எக்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும்தான் நினைவுக்கு வருவார்கள். அவ்விருவரும் பிறப்பதற்கு முன்பே, 1909ஆம் ஆண்டில், ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கம். சுருக்கமாக என்.ஏ.ஏ.சி.பி. ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் இயங்கி வருகிறது.

அது பிறந்த கதை இரத்தத்தில் தொடங்குகிறது. 1908 ஆகஸ்டில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளை வெறிக்கும்பல் கறுப்பர்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரையும், செருப்புத் தைத்துப் பிழைத்து வந்த முதியவர் ஒருவரையும் கும்பலே கொன்றது. அடிமை முறையை ஒழித்ததாகப் போற்றப்படும் ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஊர் இது! அவருடைய கல்லறை இருக்கும் ஊரும் இதுதான்!

வில்லியம் இங்கிலிஷ் வாலிங் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். இம்மக்களுக்குத் துணை நிற்க நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டது மேரி வைட் ஓவிங்டன் என்ற பெண்மணியை உலுக்கியது. 1909 ஜனவரியில் இவ்விருவரும் ஹென்றி மாஸ்கோவிட்ஸ் என்ற யூத சமூகத் தொண்டரும் நியூயார்க்கில் ஒரு சிறிய அறையில் கூடிப் பேசினார்கள். மூன்றே பேர்! லிங்கனின் நூற்றாண்டு நாளான பிப்ரவரி 12 அன்று அறைகூவல் வெளியானது. கையெழுத்திட்டவர்களில் அறிஞர் டுபாய்ஸும், கும்பல் கொலைகளை அம்பலப்படுத்தியதற்காக மெம்ஃபிஸில் பத்திரிகை அலுவலகத்தையே பறிகொடுத்த ஐடா வெல்ஸும் இருந்தனர்.

நிறுவனர்களைப் போற்றுவது என்றால் குறைகளை மூடி மறைப்பது என்று பொருளில்லை. தொடக்க காலத் தலைமைப் பொறுப்புகளில் டுபாய்ஸைத் தவிர மற்ற எல்லோரும் வெள்ளையர்கள். நாற்பது பேர் குழுவின் பட்டியல் வாசிக்கப்பட்டபோது அதில் ஐடா வெல்ஸின் பெயரே இல்லை! பிறகுதான் சேர்த்தார்கள். அந்த அம்மையாரின் மனக்காயம் கடைசி வரை ஆறவில்லை.

ஆனாலும் அவர்கள் வேலை செய்தார்கள். டுபாய்ஸ் தொடங்கிய 'தி கிரைசிஸ்' இதழ் 1910 நவம்பரில் ஆயிரம் பிரதிகள் அச்சாகி, பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்தை எட்டியது. கொலைகளை எண்ணினார்கள். 1889 முதல் 1918 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட 3,224 பேரைக் கணக்கெடுத்து 1919இல் நூலாக வெளியிட்டார்கள். ஆத்திரத்தில் கத்தினால் மறுநாள் மறந்து போகும். கணக்கை யாரால் மறுக்க முடியும்? அப்படியும் கும்பல் கொலைக்கு எதிரான மத்தியச் சட்டம் வர 2022 வரை ஆனது என்பது வேறு விஷயம்.

இனி, பெயர்ப் பட்டியலுக்கு வருவோம்.

1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் யாசூ சிட்டியில் 53 கறுப்பினப் பெற்றோர், வெள்ளைப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் படிக்க விடுங்கள் என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். வெள்ளையர் சங்கம் அந்தப் பெயர்களைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டது. அவ்வளவுதான்! வேலையில் இருந்தவருக்கு வேலை போனது. கடைக்காரர்களுக்குச் சரக்கு நின்றது. ஏறத்தாழ எல்லோருமே பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பசித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்தவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கென்ன அருகதை?

ஃபுளோரிடாவில் ஹாரி மூர் என்ற ஆசிரியர் கிராமம் கிராமமாகப் போய் இச்சங்கத்திற்கு உறுப்பினர் சேர்த்தார். 1946இல் வேலையைப் பறித்தார்கள். 1951 டிசம்பர் 25, அவருடைய வெள்ளி விழாத் திருமண நாள். அன்றிரவு படுக்கையறைக்குக் கீழே குண்டு வெடித்தது. அவர் அன்றே இறந்தார். மனைவி ஹேரியட் ஒன்பது நாள் கழித்து இறந்தார்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 1956இல் அலபாமா அரசு இச்சங்கத்தை முடக்கி, "உறுப்பினர் பட்டியலைக் கொடு" என்றது. நிர்வாகிகளின் பெயர்களைச் சங்கம் கொடுத்தது. தலைவர்கள் தங்களை மறைத்துக்கொள்ளவில்லை, கவனியுங்கள்! சாதாரண உறுப்பினரின் பெயரை மட்டும் தர மாட்டோம் என்றார்கள். நீதிமன்ற அவமதிப்புக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அப்போதும் தரவில்லை. வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 1958 ஜூன் 30 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: பட்டியலைக் கேட்க அரசுக்கு உரிமையில்லை. அதன் பிறகும் இழுத்தடித்து, 1964 வரை அலபாமாவில் சங்கத்தை இயங்க விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓவிங்டனும் டுபாய்ஸும் விட்டுச் சென்ற சொத்து எது என்று கேட்டால், நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். பயந்து பயந்து பெயர் எழுதிய ஒரு சலவைத் தொழிலாளியை, ஒரு விவசாயியை நம்பி அந்தச் சங்கம் நடந்தது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக, அவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று தலைமை தன்னையே பணயம் வைத்தது. ஆண்டுதோறும் நிறுவனர் படத்துக்கு மாலை போடும் அமைப்புகளைப் பார்க்கிறோம். நம்மிடமும் உண்டு. தொண்டன் மாட்டிக்கொண்டால் "அவர் எங்கள் உறுப்பினரே இல்லை" என்று அறிக்கை விடும் தலைமை எத்தனை மாலை போட்டால் என்ன?

அதே 1956இல், இச்சங்கத்தில் இருப்பவர் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று தென் கரோலினா சட்டம் போட்டது. சார்ல்ஸ்டனில் ஆசிரியையாக இருந்த செப்டிமா கிளார்க் என்ற அம்மையாரிடம், "உறுப்பினரா, இல்லையா?" என்று கேட்டார்கள். ஆம் என்றார். ஏறத்தாழ 40 ஆண்டு கால வேலையும் ஓய்வூதியமும் போயின. ஓய்வு பெறும் வயதில், கையில் ஒன்றுமில்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினப் பெரியவர்களுக்கு வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் இறங்கினார்.

20 ஆண்டுகள் கழித்து, 1976இல், அவரை நீக்கியது அநியாயம் என்று அந்த மாநில ஆளுநரே ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 78.