கடல் இல்லாத ரெங்கமும் கடற்படையின் புதிய சுமைகளும்

2024 ஆகஸ்டு 25ஆம் தேதி, ஜொகூர் கோத்தா திங்கி கடற்பகுதியில் தஞ்சோங் பென்யூசோப்புக்கு அருகே அரச மலேசியக் கடற்படையின் கே.டி. பெண்டேக்கார் கப்பல் மூழ்கியது. இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்ததாக முதல் தகவல் வந்தது. கப்பலில் இருந்த 39 பேரும் காப்பாற்றப்பட்டனர். அது போர்க்காலம் அல்ல, எதிரி யாரும் சுடவும் இல்லை. சுவீடனில் கட்டப்பட்டு 1979இல் சேவைக்கு வந்த அந்தக் கப்பலுக்கு வயது 45. அன்று அதில் பணியில் இருந்த இளைஞர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போன கப்பல் அது.

குளுவாங் மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கும் ரெங்கத்தில் இருந்து பார்த்தால் கடல் தூரத்து விஷயம். ஆனால் இங்குள்ள தோட்டங்களின் செம்பனைக்கும் கடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆலையில் பிழியப்படும் எண்ணெய் பாசிர் கூடாங் போன்ற துறைமுகங்கள் வழியாகத்தான் வெளிநாடு போகிறது. வயலுக்குப் போடும் உரம், கடைக்கு வரும் பருப்பு, கோதுமை எல்லாம் கப்பலில் வந்து இறங்குபவை. கடல்வழி முடங்கினால் அதன் வலி தோட்டத்து மளிகைக் கடை வரை வந்து சேரும்.

அன்று கரையைக் காத்தது

கடற்படையின் வரலாறு 1934 ஏப்ரல் 27ஆம் தேதி, சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட தொண்டூழியக் கடற்படையில் இருந்து தொடங்குகிறது. மலேசியா உருவானபோது அதன் வேலை தெளிவாக இருந்தது: கரையைக் காக்க வேண்டும். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1964 ஆகஸ்டு 17ஆம் தேதி ஜொகூரின் பொந்தியான் கரையில் அந்நாட்டுப் படையினர் கடல் வழியாக வந்து இறங்கினர். இரண்டு வாரம் கழித்து, ரெங்கம் ரயில் பாதையிலேயே வடக்கே உள்ள லாபிஸ் பகுதியில் வான்குடை வீரர்கள் குதித்தனர். ஜொகூர் தோட்டப்புறங்களுக்குப் போர் அத்தனை பக்கத்தில் வந்தது.

அந்த மோதல் ஓய்ந்த மறு ஆண்டு, 1967 டிசம்பரில், கடற்படைத் தளபதி பொறுப்பு முதன்முறையாக ஒரு மலேசியரிடம் வந்தது. அதுவரை அயல்நாட்டு அதிகாரிகள் வகித்த பதவியை 31 வயதில் ஏற்றவர் கே. தனபாலசிங்கம் என்ற தமிழர். 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்நாட்டின் கடற்படையை அதன் இளம் பருவத்தில் வளர்த்தெடுத்தவர்களில் தமிழர் ஒருவர் முதலிடத்தில் இருந்தார் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத செய்தி.

இன்று கூடிவிட்ட வேலைகள்

இன்று எதிரிப் படை கரையிறங்கும் என்ற அச்சத்தைவிட வேறு கவலைகள் முன்னுக்கு வந்துவிட்டன. முதலாவது கடற்கொள்ளை. மலாக்கா நீரிணையை ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கின்றன. 2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் கூட்டுச் சுற்றுக்காவலைத் தொடங்கின; 2008இல் தாய்லாந்தும் சேர்ந்தது. 2005இல் இந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்த லண்டன் காப்புறுதிச் சந்தை, 2006 ஆகஸ்டில் அதை நீக்கியது. ஒரு போரும் இல்லாமல், ரோந்தினால் மட்டுமே கிடைத்த வெற்றி அது. காப்புறுதிக் கட்டணம் ஏறினால் ஏற்றுமதிச் செலவும் ஏறும் என்பதை எண்ணினால் இதன் மதிப்பு புரியும்.

இரண்டாவது, தூரத்துக் கடல். 2008இல் மிஸ்க் நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கிய பிறகு, ஏடன் வளைகுடாவுக்கு நம் கப்பல்கள் பாதுகாப்புக்குப் போயின. 2011 ஜனவரியில் புங்கா லாரல் கப்பலை பாஸ்கால் சிறப்புப் படையினர் மீட்டு, ஏழு கொள்ளையரைப் பிடித்தனர்.

ஜொகூருக்கு நெருக்கமான சம்பவம் 2015 ஜூன் மாதம் நடந்தது. பெட்ரோல் ஏற்றிச் சென்ற ஓர்க்கிம் ஹார்மனி, ஜொகூர் கிழக்குக் கரைக்கு அப்பால் 22 பணியாளர்களோடு காணாமல் போனது. கொள்ளையர் பெயர்ப்பலகையில் சில எழுத்துகளை அழித்து 'கிம் ஹார்மன்' என்று மாற்றியிருந்தார்கள். கடற்படை அதைக் கண்டுபிடித்தும் உடனே பாயவில்லை. பணியாளர் உயிருக்கு ஆபத்து என்பதால் விடாமல் பின்தொடர்ந்தது. கொள்ளையர் உயிர்காப்புப் படகில் தப்பி, பின்னர் வியட்நாமில் பிடிபட்டனர். பணியாளர்கள் உயிரோடு மீண்டனர். இன்றைய கடற்படைக்குப் பீரங்கியைப் போலவே பொறுமையும் தேவைப்படுகிறது.

இவற்றோடு தென் சீனக் கடலில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ள பகுதியில் அயல் கப்பல்களைக் கண்காணிப்பது, 2013 லஹாட் டத்து ஊடுருவலுக்குப் பின் சபா கிழக்குக் கரையைக் காப்பது, காணாமல் போன விமானங்களைத் தேடுவது, கடல் வரைபடம் தயாரிப்பது எனப் பட்டியல் நீள்கிறது. கடலில் போலீஸ் வேலை பார்க்க 2005இல் கடல்சார் அமலாக்க நிறுவனம் வந்த பிறகும் கடற்படையின் சுமை குறைந்தபாடில்லை.

வேலை கூடியது, கப்பல் கூடவில்லை

சிக்கல் இங்கேதான். பழைய கப்பல்களுக்கு ஈடாக ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் 900 கோடி வெள்ளியில் கட்டத் திட்டமிடப்பட்டன. முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 608 கோடி வெள்ளி கொடுக்கப்பட்டும் ஒரு கப்பல்கூட வரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளிப்படுத்தியது. பிறகு எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. செலவோ 1,120 கோடி வெள்ளியாக உயர்ந்தது. ஒரு கப்பலுக்குச் சராசரி 150 கோடியாக இருந்தது, 224 கோடியாகிவிட்டது.

போர்க்கப்பலுக்குக் கொட்டும் பணத்தில் மருத்துவமனை கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே கொடுத்த பணத்துக்கு மருத்துவமனையும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. கப்பல் வாங்குவதா வேண்டாமா என்பதைவிட, மக்கள் பணம் போன வழியை யார் கண்காணித்தார் என்பதே பெரிய கேள்வி. அந்தத் தாமதத்தின் விலையை, வயதான கப்பலில் கடலுக்குப் போகும் மாலுமிகள்தான் கொடுக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எங்கே?

தனபாலசிங்கம் தலைமை தாங்கிய படையில் இன்று இந்தியர்களின் எண்ணிக்கை குறைவு. சேர விண்ணப்பிப்பவர்களே குறைவு என்று ஒரு தரப்பும், சேர்ந்தாலும் மேலே போக வழி குறுகல் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. வாய்ப்பு சமமாக இருக்கிறதா என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது அது தோட்டப்புறம் வரை போய்ச் சேர்கிறதா என்பதற்கு நம் அமைப்புகள் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய கடற்படைக்கு இயந்திரம் பழுது பார்ப்பவர், மின்னியல் வல்லுநர், தொடர்புத்துறைப் பணியாளர், மருத்துவ உதவியாளர் என எல்லாத் திறனும் தேவை. எஸ்.பி.எம். முடித்து, வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறும் ரெங்கம் இளைஞர்களிடம் அந்தத் திறனுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் முன் இந்த வழியையும் வைக்க வேண்டும். அவர்களை நம்பிக்கையோடு அனுப்பிவைக்க, மூழ்காத கப்பலைக் கொடுக்க வேண்டியது நாட்டின் கடமை.