ஆற்றலொன்றே வென்றதா? ஆர்.ஈ.எம். இசைக்குழுவும் மாணவர் வானொலியும்

கலைஞனின் வெற்றிக்கு அவனது ஆற்றலொன்றே காரணம் என்னும் கூற்று கேட்பதற்கு இனியது. வென்றவர்க்கு அது புகழ். தோற்றவர்க்கு அதுவே தீர்ப்பு. இடையில் நின்று வணிகம் செய்வோர்க்கோ எப்பொறுப்பும் இல்லை. அமெரிக்க றொக் இசைக்குழுவாகிய ஆர்.ஈ.எம். பற்றிக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இக்கூற்றையே வழிமொழிவன. இளைஞர் நால்வர் வாகனமொன்றில் ஊரூராகச் சென்று சிறு மண்டபங்களிற் பாடினர், பத்தாண்டு உழைத்தனர், 1991இல் அவர்களது 'அவுட் ஒஃப் ரைம்' இசைத்தொகுதி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. கதை இவ்வளவே என்பர். இக்கதையிற் பொய் எதுவும் இல்லை. ஆயின், இதிலிருந்து எது விடப்பட்டுள்ளதோ அதுவே அவ்வெற்றியின் பெரும்பகுதிக்குக் காரணமாயிற்று.

ஏதென்ஸ் என இங்குக் குறிக்கப்படுவது கிரேக்கத் தலைநகரன்று. ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒரு பல்கலைக்கழக நகர். பாடகர் மைக்கல் ஸ்ரைப் அங்கு நுண்கலை பயின்றவர். மைக் மில்ஸ், பில் பெரி இருவரும் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக மாணவரே. கிற்றார் வாசித்த பீற்றர் பக் அந்நகரின் இசைத்தட்டுக் கடையொன்றில் வேலை பார்த்தவர். ஸ்ரைப்பை அவர் சந்தித்ததும் அக்கடையிலேதான். 1980 ஏப்பிரல் 5ஆம் நாள், வழிபாடு நின்றுபோன தேவாலயமொன்றில் நடந்த பிறந்தநாள் விருந்தில் அவர்கள் முதன்முதலாகப் பாடினர். 1981இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டாகிய 'றேடியோ ஃப்ரீ யூரோப்' பெருங் கொம்பனி எதனாலும் வெளியிடப்பட்டதன்று. அற்லாண்டாவிற் சட்டம் பயின்றுகொண்டிருந்த ஒருவர் நடத்திய சிறு வெளியீட்டகமே அதனை வெளியிட்டது. முதலில் அச்சிடப்பட்டவை 1,000 பிரதிகள். அவற்றுள் 600 பிரதிகள் விற்கப்பட்டனவல்ல. அறிமுகத்தின் பொருட்டு இலவசமாக அனுப்பப்பட்டன.

இலவசமாக வந்த தட்டை எடுத்து ஒலிக்கவிடுவதற்கு ஒருவர் வேண்டுமல்லவா? வணிக வானொலி அதனைச் செய்யாது. விளம்பரதாரரின் பணத்தில் இயங்கும் நிலையம், கேட்போர் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுவர் என்னும் அச்சத்திலேயே தன் பாடல்களைத் தெரிவு செய்கிறது. ஸ்ரைப்பின் பாடலிற் சொற்கள் தெளிவாக விளங்கா. வாயினுள்ளேயே முணுமுணுக்கப்பட்டவை போன்றிருக்கும். இத்தகைய பாடலை முதன்முறை கேட்டவுடன் விரும்புவோர் சிலரே. மூன்றாம் முறை, நான்காம் முறை கேட்பதற்கு வாய்ப்பளித்தவை மாணவர் வானொலிகளாம். 1945இல் அமெரிக்க அரசு பண்பலை வரிசையின் 88 முதல் 92 மெகாஹேர்ட்ஸ் வரையிலான பகுதியை வணிக நோக்கற்ற கல்வி ஒலிபரப்புக்கென ஒதுக்கிவைத்தது. சந்தையிடமிருந்து வேலியிட்டுக் காக்கப்பட்ட அந்நிலத்திலேதான், ஊதியம் பெறாத மாணவர்கள் நள்ளிரவிலும் விழித்திருந்து தமக்குப் பிடித்த தட்டுக்களைச் சுழலவிட்டனர்.

இதன் பயன் உடனே விளைந்ததன்று. 1983இல் வெளிவந்த 'மேர்மர்' தொகுதியை, மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிப்படைத்த அவ்வாண்டின் தலைசிறந்த தொகுதியென ரோலிங் ஸ்டோன் விமரிசகர்கள் தெரிவு செய்தனர். விற்பனைப் பட்டியலிலோ அது 36ஆம் இடத்துக்கு மேற் செல்லவில்லை. ஆண்டிறுதி வரை விற்றவை ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிரதிகளே. அவர்களது பாடலொன்று முதற் பத்து இடங்களுள் நுழைந்தது 1987இல், அதாவது முதல் மேடையேற்றத்துக்கு ஏழாண்டுகளின் பின். சந்தை எவருக்கும் ஏழாண்டு தவணை கொடுப்பதில்லை. அத்தவணையைக் கொடுத்தவர்கள் மாணவர்கள்.

"அதே வானொலிகள் வேறு நூறு குழுக்களையும் ஒலிபரப்பினவே, அவையெல்லாம் மறக்கப்பட்டனவே, ஆகவே ஆற்றல்தானே வேறுபடுத்தியது?" எனக் கேட்போர் உளர். இக்கேள்வி வன்மையுடையது, விடையும் ஏதென்ஸ் நகரிலேயே உண்டு. பைலன் என்னும் குழு ஆர்.ஈ.எம். தோன்றுமுன்னரே அந்நகரின் நுண்கலை மாணவரிடையே தோன்றிப் பாராட்டுப் பெற்று, 1983இற் கலைந்தது. 1987இல் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை ஆர்.ஈ.எம். குழுவை அமெரிக்காவின் தலைசிறந்த றொக் குழுவென அறிவித்தபோது, அப்பட்டத்துக்கு உரியவர்கள் பைலன் குழுவினரே என்று பில் பெரி கூறினார். வென்றவரே இவ்வாறு கூறுகையில், பட்டியலைத் தராசாகக் கொள்வோர் சற்று நாணுதல் தகும்.

மறுபுறத்தில் நின்று, 1988இல் ஆர்.ஈ.எம். வோர்ணர் பிறதர்ஸ் என்னும் பெருங் கொம்பனியுடன் ஒப்பந்தம் செய்தபோதே விலைபோய்விட்டது எனப் பழித்தோரும் இருந்தனர். இவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. பாடல்களின் உரிமையையும் வருவாயையும் நால்வரும் சமமாகவே பகிர்ந்துகொண்டனர். அது பின்னரும் மாறவில்லை. 1991இல் அமெரிக்கப் பட்டியலின் நாலாம் இடத்தை எட்டிய 'லூசிங் மை றிலிஜன்' மண்டலின் இசையின்மீது கட்டப்பட்ட பாடல். கொம்பனி கணக்காளர் எவரும் கேட்டு வாங்கக்கூடிய சரக்கன்று அது. உண்மையில், தாம் முதலிற் கண்டெடுத்த பாடகரைப் பிறரும் விரும்பத் தொடங்கியதும் கைவிடுவது மாணவ இரசிகரின் பழைய நோய். கறுப்பின இளைஞரின் ராப் இசையை அதே வானொலிகள் பல நெடுங்காலம் எட்டத்தில் வைத்திருந்தமையும் மறைக்கத்தக்கதன்று. சுவையிற் குறை இருந்தது. ஆனால் தெரிவு செய்யும் சுதந்திரமும் இருந்தது.

அச்சுதந்திரத்தின் விலை பின்னரே வெளிப்பட்டது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே கொம்பனி நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய வானொலிகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கிற்று. சில ஆண்டுகளுள் கிளியர் சனல் என்னும் ஒரே கொம்பனியின் கையில் 1,200 நிலையங்களுக்கு மேற் சேர்ந்தன. வேலியின் வெளிப்புறம் இவ்வாறாயின், உட்புறத்தைக் காக்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் செய்தது யாது? 2011 சனவரியிற் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் தன் வானொலியின் ஒலிபரப்பை நிறுத்தி அலைவரிசையை விற்க முற்பட்டது. விலை 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். அதே ஆண்டில் ஹூஸ்ரன் நகரத்து றைஸ் பல்கலைக்கழகம் தன் மாணவர் வானொலியின் அலைவரிசையை 95 இலட்சம் டொலருக்குக் கைமாற்றியது. இணையத்தில் ஒலிபரப்பலாமே என்று மாணவர்க்கு ஆறுதல் கூறப்பட்டது.

இவ்வாறுதல் வெறுமையானது. இணையத்தில் எவரும் ஒலிபரப்பலாம் என்பது மெய். வண்டியோட்டியும் கடைச் சிப்பந்தியும் நிலையத்தைத் திருப்புகையில் தற்செயலாகக் கேட்க மாட்டார் என்பதும் மெய். தேடிச் செல்வோர்க்கு மட்டுமே கிட்டும் பாடல், அதனை ஏற்கெனவே அறிந்தோரையே மீண்டும் சென்றடைகிறது. இணையத்தால் உயர்ந்ததாகக் கூறப்படும் ஆர்க்ரிக் மங்கீஸ் குழுவும், ஷெபீல்ட் நகரக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கிய குறுந்தட்டுக்களை இரசிகர்கள் பிரதியெடுத்துப் பரப்பியதனாலேயே முதலில் வளர்ந்தது. 2006இல் அதன் முதற்றொகுதி பிரித்தானியாவில் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றபோது, அவ்விரசிகரின் கையுழைப்பு எக்கணக்கிலும் எழுதப்படவில்லை.

ஆர்.ஈ.எம். குழு 2011 செப்ரெம்பர் 21ஆம் நாள் கலைந்தது. அன்று வெளிவந்த புகழுரைகள் பலவற்றிற் கல்லூரி வானொலியும் நன்றியோடு நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டிலேயே கைமாறிய அலைவரிசைகளைப் பற்றி அப்புகழுரைகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. றைஸ் மாணவர்கள் 2015இற் குறைவலு உரிமமொன்றின் கீழ் மீண்டும் பண்பலைக்கு வந்தனர். அவர்கள் இழந்த நிலையத்தின் வலு 50,000 வாற்று. குறைவலு நிலையங்களுக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வலு 100 வாற்று.