திரைப்படத்திற்கும் பாடபேதம் உண்டு: சத்யஜித் ராயின் படங்களும் அவற்றின் வட்டுப் பதிப்புகளும்

முன்னுரை

சங்க நூலொன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பைச் சுட்டாமல் விடுவதில்லை. பதிப்பாசிரியர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு, எவருடைய உரை என்பன இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர் ஏற்பதில்லை. அதே ஆய்வாளர் திரைப்படத்தைப் பற்றி எழுதும்போது படத்தின் பெயர், இயக்குநர், வெளியான ஆண்டு ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறார். அவர் கண்டது திரையரங்கப் பிரதியா, விசிடியா, டிவிடியா, புளூ-ரேயா என்பதற்குக் கட்டுரையில் விடை இருப்பதில்லை. படம் என்பது எங்கும் ஒன்றே, அதைத் தாங்கி வரும் வட்டு வெறும் உறை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வீட்டில் காண்பதற்காக வெளியிடப்படும் ஒவ்வொரு வட்டும் ஒரு பதிப்பு. பதிப்புக்குரிய பாடபேதமும் சிதைவும் திருத்தமும் அதற்கும் உண்டு. சத்யஜித் ராயின் படங்கள் இதனை விளக்கப் போதிய சான்று தருகின்றன.

எரிந்த மூலம்

ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) ஆகிய மூன்றும் அபு முத்தொகுதி என வழங்கப்படுகின்றன. 1992இல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது, விழாவில் திரையிடத் தரமான பிரதிகளைத் தேடிய அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் அவற்றின் நிலை கண்டு கவலையுற்றனர். உலகம் போற்றிய இயக்குநரின் படங்களே தேய்ந்தும் கீறியும் கிடந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ராய் மறைந்தார். படங்களைப் பாதுகாக்கும் முயற்சியின் பகுதியாக மூல நெகட்டிவ்கள் லண்டனிலிருந்த ஹெண்டர்சன் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அவ்வாய்வகத்தில் தீப்பற்றியது. ராயின் பல படங்களின் மூலச் சுருள்கள் கருகின. காக்க அனுப்பிய இடமே அவற்றுக்குக் கேடாக முடிந்தது.

எரிந்த சுருள்களைப் படியெடுக்க அன்றைய தொழில்நுட்பத்தால் இயலவில்லை. ஆயினும் கழகத்தின் ஆவணக்காப்பகம் அவற்றைக் கழித்துவிடாமல் வைத்திருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் கிரைட்டீரியன் நிறுவனமும் அக்காப்பகமும் இணைந்து, இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகத்தில் மீட்டுருவாக்கத்தைத் தொடங்கின. உலர்ந்து நொறுங்கும் நிலையிலிருந்த சுருள்கள் ஈரப்பதம் ஊட்டப்பெற்று, கையால் ஒட்டிச் செப்பனிடப்பட்டன. இதற்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேர உழைப்புத் தேவைப்பட்டது. ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. ‘அபுர் சன்சார்’ படத்தின் எரிந்த சுருள்கள் பயன்படும் நிலையில் இல்லை. எஞ்சிய பகுதிகளுக்குப் பிற காப்பகங்களிலிருந்த இரண்டாம் நிலைப் பிரதிகள் துணையாயின. 2015இல் 4கே தரத்தில் திரையிடப்பட்ட இவை, அவ்வாண்டின் இறுதியில் புளூ-ரே வட்டுகளாக வெளிவந்தன.

இவ்வரலாறு தமிழறிஞர்க்குப் புதியதன்று. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் கண்டு நிரப்பிய பதிப்பு முன்னோடிகளின் பணியும் இத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. உ. வே. சாமிநாதையர் தாம் ஒப்புநோக்கிய பிரதிகளையும் அவற்றை அளித்தோரையும் முகவுரையில் குறிப்பிட்டார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவ்விடங்களைப் பதிப்பு புள்ளியிட்டுக் காட்டுகிறது. திரைப்பட மீட்டுருவாக்கமோ ஒட்டுத் தெரியாமல் இருப்பதையே தன் வெற்றியாகக் கொள்கிறது. எரிந்த மூலத்திலிருந்து வந்த சட்டகம் எது, இரண்டாம் நிலைப் பிரதியிலிருந்து வந்தது எது என்பதற்குத் திரையில் அடையாளம் இல்லை. சுவைப்போர்க்கு அது நன்மையே. ஆய்வாளர்க்கு அது எச்சரிக்கை.

ஒளியும் சட்டகமும்

பெயர்ப்பின் தரம் வெறும் கண்ணுக்கு இனிமை பற்றியதன்று, பொருள்கோளையே மாற்றவல்லது. இதற்கு இக்கட்டுரையாளரின் பிழையே சான்றாகும். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையொன்றில், ‘அபராஜிதோ’வில் காசி வீட்டின் உட்புறம் பகலிலும் இருண்டு கிடப்பதாகவும், அவ்விருள் ஹரிஹரின் சாவை முன்னுணர்த்துவதாகவும் வாதிட்டதுண்டு. அப்போது பார்த்தது நூலகமொன்றிலிருந்த விசிடி. மீட்டுருவாக்கப் பதிப்பைக் கண்டபோது அந்த இருள் அங்கு இல்லை. மேலிருந்து இறங்கும் மெல்லொளியில் சுவரின் காரை உதிர்வுகூடத் தெளிவாகத் தெரிந்தது. குறியீடு என்று விளக்கப்பட்டது பெயர்ப்பின் குறை.

அந்த மெல்லொளி தற்செயலானதும் அன்று. காசி வீடு கல்கத்தாவில் ஓர் அரங்கினுள் அமைக்கப்பட்டது. முற்றத்தின் வழியே வானொளி இறங்கும் வீட்டில் நிழல் கூர்மையாக விழாது. அதனை அரங்கினுள் உண்டாக்க, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெண்துணி கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி எதிரொளிக்கச் செய்தார். இந்திய ஒளிப்பதிவு வரலாற்றில் பெரிதும் பேசப்படும் முறை இது. கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் படிநிலைகளே இம்முறையின் உயிர். மாறுபாடு மிகுத்துப் பெயர்க்கப்பட்ட பிரதியில் முதலில் மறைவதும் அவையே. விசிடியின் சட்டகம் 352 x 288 புள்ளிகள் கொண்டது; புளூ-ரேயினது 1920 x 1080. சட்டக அளவில் ஏறத்தாழ 20 மடங்கு வேறுபாடு. முன்னதைப் பார்த்து மித்ராவின் ஒளியமைப்பைப் பற்றி எழுதுவது, எழுத்தழிந்த ஏட்டை வைத்துக்கொண்டு யாப்பை ஆராய்வது போன்றது.

சட்டக விகிதமும் இவ்வாறே. ‘பதேர் பாஞ்சாலி’, ‘சாருலதா’ (1964) முதலிய படங்கள் ஏறத்தாழ 1.37 : 1 என்னும் விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத்திரைத் தொலைக்காட்சியை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டினால் படத்தின் 23 விழுக்காடு போய்விடும். ‘சாருலதா’வின் தொடக்கத்தில் நாயகி சாளரம் சாளரமாகச் சென்று, கைக்கண்ணாடி வழியே தெருவை நோக்குகிறாள். சட்டகத்துள் சட்டகமாக அமைந்த அக்காட்சியை வெட்டுண்ட பிரதியில் கண்டு, பெண்ணின் அடைபட்ட வெளியைப் பற்றி எவ்வாறு உறுதியுடன் எழுத இயலும்?

ஒலியும் காலமும்

‘பதேர் பாஞ்சாலி’யில் ஊர் திரும்பிய ஹரிஹர், மகள் துர்க்காவுக்கென வாங்கிய புடைவையை மனைவியிடம் நீட்டுகிறான். மகள் இறந்ததை அவன் அறியான். சர்வஜயா வாய்விட்டு அழுகிறாள். ஆனால் அவள் குரல் கேட்பதில்லை. அவ்விடத்தில் தார் ஷெனாயின் உச்ச ஒலியே எழுகிறது. ஒலித்தடம் கரகரத்த பிரதியில் அது இசையா, அலறலா, இயந்திரப் பழுதா என்று பிரித்தறிய முடியாது. ஒப்பாரி மரபை அறிந்த தமிழ் ஆய்வாளர் விரிவாகப் பேசத்தக்க இடம் இது. பேசுவதற்கு முன் தாம் கேட்டது எது என்பதை உறுதிசெய்தல் வேண்டும்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. இந்தியா உள்ளிட்ட நாடுகள் பின்பற்றிய பிஏஎல் தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டகம் கொண்டது. அம்முறைக்கேற்ப விரைவுபடுத்திப் பெயர்த்த வட்டில் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடியும். சுருதியைத் தனியே திருத்தாவிட்டால் ரவிசங்கரின் சிதாரும் ஓர் அரைச்சுரத்திற்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். ஒருவர் 100ஆம் நிமிடம் எனக் குறித்த காட்சி மற்றொருவர் வட்டில் 96ஆம் நிமிடத்தில் வரும். பதிப்பைச் சொல்லாமல் நிமிடத்தை மட்டும் சொல்லும் மேற்கோள், பதிப்பைச் சொல்லாமல் பக்க எண்ணை மட்டும் தருவதற்கு ஒப்பாகும்.

துணைத்தலைப்பும் உரையே

வங்காளி அறியாத நாம் ராயின் படங்களைத் துணைத்தலைப்பின் வழியே படிக்கிறோம். வங்காளியில் தந்தையின் உடன்பிறந்தாள் பிஷி, தாயின் உடன்பிறந்தாள் மாஷி, சிற்றப்பன் மனைவி காக்கி, மாமன் மனைவி மாமி. ஆங்கிலத்தில் இந்நால்வர்க்கும் ஒரே சொல். துர்க்கா முதியவளான இந்திர் தாக்ருணைப் பிஷி என்று அழைக்கையில் நம் செவிக்கு அது அத்தை. அந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமையும் உரிமையின்மையும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. ஆங்கிலத் துணைத்தலைப்பை மட்டும் நம்பி உறவுமுறையை ஆராய்வோர் மூலத்தை அன்று, உரையையே ஆராய்கின்றனர். உரை வேறுபடும், ஆதலின் உரையாசிரியரைக் குறிப்பது போலத் துணைத்தலைப்பின் மொழியையும் பதிப்பையும் குறித்தல் தகும்.

படத்தின் உருவமே வேறுபடுவதும் உண்டு. தாகூரின் மூன்று கதைகளைக் கொண்ட ‘தீன் கன்யா’ (1961), வெளிநாடுகளில் ‘மணிஹாரா’ நீக்கப்பட்டு ‘டூ டாட்டர்ஸ்’ என்னும் பெயரில் இரு கதைப் படமாக வழங்கியது. ராயின் பெண் பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் இருவரைக் கண்டாரா, மூவரைக் கண்டாரா என்பது சிறு வினா அன்று.

மீட்டுருவாக்கமும் இறுதிப் பாடம் அன்று

புதிய பதிப்பே பிழையற்றது எனக் கொள்வதும் தவறு. ராய் 1992இலும் மித்ரா 2001இலும் மறைந்தனர். 2015இல் ஒளியின் அளவை முடிவு செய்தவர்கள் பழைய பிரதிகளின் துணைகொண்டு செயற்பட்ட வல்லுநர்களே, படைத்தவர்கள் அல்லர். கீறல் நீக்கும் மென்பொருள் மழைத்தாரையையும் கீறலெனக் கருதலாம். துகள் நீக்கும் கருவி முகத்தின் நுண்வரிகளையும் துடைத்துவிடலாம். ‘பிரதித்வந்தி’ (1970) தந்தையின் சாவை நெகட்டிவ் படிமங்களாகவே காட்டித் தொடங்குகிறது. மூலத்தின் நோக்கம் அறியாதவர் கையில் அது திருத்தவேண்டிய பழுதாகத் தோன்றக்கூடும். ஏடெழுதுவோர் வழக்கிலில்லாச் சொல்லை வழக்குச் சொல்லாக மாற்றியதும் இவ்வகையினதே.

ஒரு மறுப்பும் விடையும்

அயல்நாட்டுப் புளூ-ரே வட்டின் விலை ஆய்வு மாணவரின் கைக்கு எட்டாதது; நம் கல்லூரி நூலகங்களில் அதை இயக்கும் கருவியும் அரிது; இந்நிலையில் இக்கோரிக்கை வசதி படைத்தோர்க்கே பொருந்தும் என ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு இது. ஆனால் இங்கு வேண்டப்படுவது சிறந்த பதிப்பைப் பார்த்தல் அன்று. பார்த்த பதிப்பைச் சொல்லுதல். விசிடியைப் பார்த்து எழுதியவர் அதனை ஒப்புக்கொண்டால், கதைப்பின்னல் பற்றிய அவர் முடிவை ஏற்று, ஒளியமைப்பு பற்றிய முடிவை மட்டும் படிப்பவர் ஐயுறலாம். சொல்லாவிட்டால் இரண்டையும் ஐயுற நேரும். இவ்வொழுக்கத்திற்குச் செலவு ஒன்றரை வரி மட்டுமே. ‘பதேர் பாஞ்சாலி (1955), இயக்கம்: சத்யஜித் ராய்; கிரைட்டீரியன் புளூ-ரே, 2015; 4கே மீட்டுருவாக்கம்; ஆங்கிலத் துணைத்தலைப்பு’ என்பது போன்ற குறிப்பு போதும். இணையத்தில் கண்டதாயின் தளத்தின் பெயரும் கண்ட நாளும் ஓடிய நேரமும் சேரலாம்.

முடிவுரை

தமிழ்த் துறைகளில் திரைப்பட ஆய்வேடுகள் பெருகிவருகின்றன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று காணக் கிடைப்பதில்லை. எஞ்சியுள்ள பழம்படங்களையும் எத்தனையாவது படியெடுப்பு என்று அறியாமலே பார்த்து வருகிறோம். ஏட்டுச் சுவடி ஆய்வில் தேர்ந்த துறையொன்று திரைப்படத்திற்கு வரும்போது மட்டும் மூலபாட உணர்வைக் கைவிடுதல் பொருந்தாது. ஆய்விதழ்கள் தம் கட்டுரை நெறிமுறையில் திரைப்பட மேற்கோளுக்குப் பதிப்புக் குறிப்பைக் கட்டாயமாக்கலாம்; ஆய்வு நெறியாளர் தம் மாணவரிடம் முதலில் கேட்கும் வினா ‘எந்தப் பிரதியைப் பார்த்தீர்?’ என்பதாக அமையலாம். அவ்வினாவை எவரேனும் அன்று கேட்டிருந்தால், காசி வீட்டின் இருளைப் பற்றிய அக்கட்டுரை அச்சேறியிராது.