விசர்க்கமாகிய ஆய்தம்: எழுத்துக் குறியீட்டுத் தரமும் தமிழ்த்துறைகளும்

தொல்காப்பியர் சார்ந்துவரல் மரபின் மூன்றனுள் ஒன்றாக ஆய்தத்தை வைத்தார். ஒருங்குறித் தரமோ அதற்குத் 'தமிழ்க்குறி விசர்க்கம்' என்று பெயரிட்டுள்ளது. ஆய்தம் என்பது அட்டவணையின் ஓரத்தில் மாற்றுப்பெயராக மட்டும் நிற்கிறது. அதற்கு முந்தைய இடம் 'தமிழ்க்குறி அனுசுவாரம்' எனப்படுவது. 'தமிழில் வழங்குவதில்லை' என்ற குறிப்பும் அதனருகிலேயே உள்ளது! தமிழில் வழங்காததற்குத் தமிழின் பெயரால் இடம் அளித்த விந்தை இது. ஏற்கப்பட்ட குறியின் பெயரையோ இடத்தையோ மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் நிலைப்புக் கொள்கையாதலின், இப்பெயர்கள் இனித் திருத்தம் பெறப்போவதில்லை.

1991இல் வெளிவந்த ஒருங்குறி முதற்பதிப்பு, இந்திய அரசின் மின்னணுத் துறை வகுத்த 1988ஆம் ஆண்டு இஸ்கி அமைப்பைத் தழுவியது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரிச் சட்டகத்துள் அடக்கிய அமைப்பு அது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் கிடப்பதும், ஈற்றில் நிற்கவேண்டிய னகரம் நகரத்தின் பின் ஒட்டிக்கொண்டதும் இதனாலேயாம். அகரவரிசையைத் தனி அட்டவணை கொண்டு சீர்செய்யலாம் என்பர். அது பொறியியலாளர் விடை. ஒரு மொழியின் எழுத்துமுறையை வகுக்கும் அவையில் அம்மொழியின் இலக்கண அறிஞர்க்கு இடமுண்டா என்னும் வினா அதனால் தீர்வதில்லை.

முன்மொழிவை எவரும் அனுப்பலாம், ஆகவே கதவு திறந்தே உள்ளது என்பது அடுத்த வாதம். அனுப்பும் உரிமை வேறு, முடிவு செய்யும் உரிமை வேறு. ஒருங்குறிச் சேர்த்தியத்தில் வாக்குரிமை கட்டணம் செலுத்தும் அமைப்புகளுக்கே உரியது. அவற்றுள் பெருங்கணினி நிறுவனங்களே முதன்மையானவை. தனி உறுப்பினர்க்கு வாக்கில்லை. இணைத்தரமாகிய 10646ஐப் பேணும் பன்னாட்டுத் தர அமைப்பில் நாடுகளே வாக்களிக்கும். இந்தியாவின் சார்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பேசும். மாநிலம் எதற்கும் அங்குக் குரலில்லை. சிங்களத்தின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. தனக்கென நாட்டுத் தர அமைப்பு உடைய இலங்கை தன் எழுத்துக்காக வாதிட்டது, 1999இல் 3.0 பதிப்பில் சேர்ந்த சிங்களம் இஸ்கிச் சட்டகத்துள் அடங்கவில்லை. தமிழ்நாட்டரசு 2010இல் அறிவித்த தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடோ தனிப்பயன் பகுதியிலேயே நிற்கிறது.

எனினும் பழி முழுவதையும் சேர்த்தியத்தின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. பின்னக் குறிகளும் பழங்கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் 12.0 பதிப்பில் 'தமிழ் இணைப்பு' என இடம்பெற்றன. வழக்குச் சான்றுகளைத் தொகுத்துப் பொறுமையுடன் முன்மொழிவு எழுதியதன் பயன் அது. சுவடியும் கல்வெட்டும் பயின்றோர்க்கே உரிய பணி அஃதன்றோ? வாக்கில்லாவிடத்தும் சான்றுக்கு மதிப்புண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. எழுத்திலக்கணம் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் 1991 முதல் தம் பெயரால் எத்தனை முன்மொழிவுகளை அனுப்பின என்பதைத் தத்தம் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துக் கொள்ளலாம்.